அக்காவுக்கு, கோலாட்டம் பற்றி

புந்தோங், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் இரண்டு வார்த்தையோடு "சரி, வைக்கிறேன்" என்று முடித்துவிடுகிறாய். குரல் மெலிந்துபோனதால் எல்லாரும் "என்ன, என்ன" என்று திருப்பிக் கேட்பது உனக்கு வெறுத்துவிட்டது என்று அத்தான் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று படி.

தம்பி மகள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாயாம். கை உதறுவதை நாலு பேர் பார்ப்பார்கள், மண்டப வாசலில் கால் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் மானம் போய்விடும் என்றாயாம். கல்யாணத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம். கால் ஒட்டிக்கொள்வதைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, அதுவும் உனக்குப் பழகிய வழி. நீ ஆட வேண்டும், அக்கா.

தாளை மடித்து வைத்துவிடாதே. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சில மாதங்களாக இதைப் பற்றித் தேடிப் படிக்கிறேன். இங்கே எனக்குத் தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணை உட்காரவைத்துக் கேள்வி கேட்டே களைக்க வைத்துவிட்டேன். அவளிடம் தெரிந்துகொண்டதையும் படித்ததையும் எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

உனக்கு வந்திருக்கும் பார்க்கின்சன் நோய் இப்படித்தான். மூளையின் ஆழத்தில் கருநிறமாக ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள்தான் டோபமைனைச் சுரக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் அழிந்த பிறகே நடுக்கம் வெளியில் தெரியுமாம். அதனால் "நான் எதைச் சாப்பிட்டேன், என்ன பாவம் செய்தேன்" என்று உன்னையே குடைந்துகொள்வதை விட்டுவிடு. நமக்குத் தெரியாமலே பல வருடமாக உள்ளே நடந்துகொண்டிருந்தது அது. நடப்பது, திரும்புவது, ரவிக்கைக்கு ஊக்கு மாட்டுவது, பேசும்போது புருவத்தைத் தூக்குவது, இதையெல்லாம் நாம் யோசித்துச் செய்வதில்லை. யோசிக்காமலே இவற்றை நடத்திக்கொடுக்கும் பகுதிக்கு டோபமைன் வேண்டும். அது குறைந்தால் அடி சிறுக்கிறது, கை வீச்சு நின்றுபோகிறது, முகம் அசைவில்லாமல் இருக்கிறது, கையெழுத்து பொடியாகிறது, குரல் தாழ்கிறது. 1817-இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் எழுதி வைத்த அடையாளங்களில் பலவற்றை இன்று உன் நடையிலேயே பார்க்கிறேன்.

ஒன்றை மட்டும் நீ நம்ப வேண்டும். உன் காலில் பலம் போய்விடவில்லை. "எடு அடியை" என்ற கட்டளைதான் நேரத்துக்கு வந்து சேருவதில்லை. வாசற்படியிலும் குறுகலான இடத்திலும் திரும்பும்போதும் அது சுத்தமாக நின்றுவிடுகிறது. ஆனால் வெளியிலிருந்து ஒரு தாளம் காதில் விழுந்தாலோ, தாண்டுவதற்குத் தரையில் ஒரு கோடு தெரிந்தாலோ மூளை வேறு பாதையில் சேதியை அனுப்பிவிடுகிறது. நெடுஞ்சாலையில் நெரிசல் என்றால் அத்தான் செம்மோர் வழியாகப் பழைய சாலையில் காரை விடுவாரே, அந்த மாதிரி. கொஞ்சம் சுற்றுத்தான், ஆனாலும் சுங்கை சிப்புட் வந்து சேர்ந்துவிடுவார். அமெரிக்காவில் மைக்கேல் தாவுட் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் 1996-இல் இதைச் சோதித்து எழுதினார்கள். 3 வாரம் தாளத்தோடு நடந்து பழகியவர்களுக்கு நடையும் வேகமானது, அடியும் நீண்டது. மாத்திரை தரும் உதவிக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும் உதவி இது. மாத்திரையை விட்டுவிடலாம் என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. உன் மடோபார் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது.

தாளத்துக்கு நடந்தாலே போதுமே, ஆட்டம் எதற்கு என்று கேட்பாய். நானும் அந்தப் பெண்ணிடம் அதைத்தான் கேட்டேன். அவள் எனக்கு புரூக்ளின் கதையைச் சொன்னாள்.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓலி வெஸ்ட்ஹைமர் என்ற அம்மையார் பார்க்கின்சன் வந்தவர்களுக்காக ஒரு குழு நடத்திவந்தார். 2001-இல் அவர் மார்க் மோரிஸ் நடனக் குழுவிடம் போய், எங்கள் ஆட்களுக்கு வகுப்பு எடுப்பீர்களா என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதற்கான காரணம் என் மனதில் நின்றுவிட்டது. நடனக்காரர்கள் ஒவ்வோர் அசைவையும் நினைத்துச் செய்யப் பயின்றவர்கள். எடை எந்தக் காலில் இருக்கிறது, எப்போது அடுத்த காலுக்கு மாற்றுவது, கண் எங்கே போக வேண்டும், கை எங்கே முடிய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். தானாக நடந்துகொண்டிருந்த உடம்பு இனி நினைத்து நடக்க வேண்டிய உடம்பாகிவிட்டால், அதைச் சொல்லிக்கொடுக்க நடனக்காரர்களைவிடப் பொருத்தமானவர் யார்? அந்தக் குழுவில் ஆடிக்கொண்டிருந்த டேவிட் லெவந்தால் முதலானோர் வகுப்பைத் தொடங்கினார்கள். அந்த வகுப்பில் யாரும் நோயாளி கிடையாது, எல்லாரும் ஆடுபவர்கள். இன்றைக்கு 20-க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்த முறை நடக்கிறது.

செயின்ட் லூயிஸ் நகரில் கேமன் எர்ஹார்ட் என்ற பேராசிரியை டாங்கோ ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். ஆணும் பெண்ணும் கைபிடித்து ஆடும் தென் அமெரிக்க ஆட்டம் அது. நிற்பதும் மறுபடி கிளம்புவதும், பின்னால் நடப்பதும், மெல்லத் திரும்புவதுமாக இருக்கும். உனக்கு எதெல்லாம் சிரமமோ அதெல்லாம்தான் அந்த ஆட்டமே. வாரம் 2 முறை, 12 மாதம் ஆடியவர்களை மாத்திரையின் வேகம் இல்லாத நேரத்தில் பரிசோதித்தபோது, அசைவுக் கோளாற்றின் அளவு கிட்டத்தட்ட 28 விழுக்காடு குறைந்திருந்தது. 2012-இல் வெளிவந்த ஆய்வு. ஆடாதவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. கனடாவின் டொரோண்டோவில் வாரம் ஒரு முறை ஆடியவர்களை 3 வருடம் கவனித்து 2021-இல் எழுதினார்கள். ஆடாத மற்றவர்களுக்கு நோய் ஏறிய வேகத்தில் இவர்களுக்கு ஏறவில்லை. இது 16 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நோயை ஆட்டம் குணமாக்கும் என்று எவராவது சொன்னால் அவரை நம்பாதே. ஆனால் ஒரு பெண் தன் வீட்டு வாசலைத் தானே தாண்டிப் போவது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

வெள்ளைக்காரர் சங்கதி என்று ஒதுக்கிவிடாதே. புனேயில் ரிஷிகேஷ் பவார் என்ற நடனக் கலைஞர் பார்க்கின்சன் மித்ர மண்டல் என்ற குழுவைச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு நடத்தியிருக்கிறார். சென்னையில் அம்பிகா காமேஷ்வர் 1989-இல் தொடங்கிய ரசா என்ற அமைப்பு பரதத்தையும் நாடகத்தையும் சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்குத் துணையாகக் கொண்டுபோனது. இவற்றைப் படிக்கப் படிக்க எனக்கு நம் ரப்பர் தோட்டத்துத் திடல்தான் கண்ணுக்குள் வந்தது.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்பே பொம்பளைகள் கோலாட்டப் பழக்கத்தைத் தொடங்கிவிடுவார்களே. விடியாத நேரத்தில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, ரப்பர் மரங்களின் நிரையைச் சீவி முடித்து, வாளியோடு ஸ்டோருக்கு நடந்து பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த கால்கள் அவை. மாலையில் அதே கால்கள் வட்டம் கட்டி நிற்கும். நீதான் முன்கோல். உன் எதிரில் நிற்க அத்தைமார் போட்டி போடுவார்கள், நீ அடி பிசகமாட்டாய் என்பதால். நான் கடைசி வரிசையில் நின்று உன் காலைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பிறகு ஆசிரியையாகி வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் உன்னிடம் கற்றதுதான்.

அந்தக் கோலாட்டத்தை இப்போது பிரித்துப் பார்க்கிறேன். எதிரில் இருப்பவரின் கோல் எங்கே இருக்கிறதோ அங்கே உன் கோல் போய்ச் சேர வேண்டும். கைக்கு ஓர் இலக்கு, கண்ணுக்கு ஓர் இலக்கு. இலக்கு இருக்கும்போது கை தயங்குவது குறைகிறது. கோல் மோதும் சத்தம் நாமே உண்டாக்கும் தாளம், அதற்கு ரேடியோகூடத் தேவையில்லை. இடது பக்கம் தட்ட எடை இடது காலுக்கும், வலது பக்கம் தட்ட வலது காலுக்கும் தானே மாறுகிறது. இந்த நோயில் உடம்பு மறந்துபோவதில் இந்த எடை மாற்றமும் ஒன்று. எடை மாறாவிட்டால் அடுத்த அடி எழும்பாது, கால் ஒட்டிக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். இடம் மாறும்போது அரைவட்டமாகச் சுற்றி வருகிறோம். உனக்கு இப்போது அப்படித்தான் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்கள், நின்ற இடத்திலேயே சட்டென்று திரும்பாதே, வளைந்து போ என்று. எந்தத் தட்டுக்குப் பிறகு எந்தத் தட்டு என்று நினைவும் வேலை செய்கிறது. வாய் பாடுகிறது. ஒரே நேரத்தில் இத்தனையும் கேட்கும் பயிற்சியை ஒருவர் உட்கார்ந்து திட்டமிட்டு உண்டாக்கினாலும் இதைவிட நன்றாக உண்டாக்குவாரா, எனக்குத் தெரியவில்லை.

நிரையும் அப்படித்தான் இருந்தது. மரத்துக்கு மரம் நடை, ஒவ்வொரு மரத்திலும் நிறுத்தம், உளியை இழுத்தபடி மரத்தைச் சுற்றி ஒரு வளைவு, மறுபடி அடுத்த மரத்துக்கு அடி. கல்யாணத்துக்கு முன்பு எத்தனை வருடம் நீ அப்படி நடந்தாய். அந்த டாங்கோக்காரர்கள் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்வதை உன் உடம்பு இருட்டிலும் கொசுக்கடியிலும் கூலிக்குச் செய்தது. கோலகங்சாரில் நிற்கும் அந்தக் கிழட்டு ரப்பர் மரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மா நினைவு வரும். 1877-இல் நட்டவற்றில் மிஞ்சிய ஒன்று என்று அதற்கு வேலி கட்டிப் பாதுகாக்கிறார்கள். ஆனால் ரப்பர் மரங்களைச் சுற்றிச் சுற்றி நடந்தவர்களுக்கு வயதான காலத்தில் மூட்டுவலியும் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டு மூலையும்தான் மிஞ்சின. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு, அக்கா. தோட்டம் கைமாறி, செம்பனை வந்து, லயத்து வீடுகளை இடித்தபோது வீடு போனதைத்தான் எல்லாரும் பேசினோம். திடல் போனதை யாரும் பேசவில்லை. வாசலில் இறங்கினால் பத்துப் பேர் கூடும் இடம் அது. தாமானில் கதவைச் சாத்தினால் அவரவர் வீடு, அவரவர் டிவி. நம் பெண்கள் ஆடுவதை நிறுத்தியது ஆசை வற்றியதால் இல்லை, எதிரில் கோல் பிடித்து நிற்க ஆள் இல்லாததால்தான்.

அதனால்தான் உன்னைத் தனியாக ஆடச் சொல்லவில்லை. என் வீட்டு முன்கூடத்தில் சாமான்களை ஒதுக்கிவிட்டேன். எதிர்வீட்டு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்திருக்கிறது, அவரும் மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பக்கவாதத்திலிருந்து மீண்டு வந்த ஜேனட் இயோ என்ற பெண்மணி 1996-இல் தொடங்கிய தேசிய பக்கவாதச் சங்கத்துக்கு நம் ஈப்போவிலும் மையம் இருக்கிறது. நோய் வந்தவரை மூலையில் உட்காரவைக்காமல் ஒன்றுகூட்டிப் பயிற்சி தர வேண்டும் என்று அவர்கள் இத்தனை வருடம் பாடுபடுவதைப் பார்த்துத்தான் எனக்கே தைரியம் வந்தது. பிசியோதெரபிஸ்ட் பெண்ணும் முதல் சில வாரம் கூட இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

"இந்த வயசுல ஆட்டமா, ஊர் சிரிக்கும்" என்பாய். யார் சிரிப்பார்கள்? தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலில் உருமி அடித்தால் எழுபது வயதுக்காரர் தோளில் காவடியோடு ஆடுகிறார், அவரைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை, கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். உன் ஆட்டத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதோடு, நீ வீட்டிலேயே அடைந்து கிடப்பதும், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பதும்கூட இந்த நோயின் வேலையாக இருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அது உன் குணம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். லயத்தின் ஒரு கோடியில் நீ பேசினால் மறு கோடிக்குக் கேட்கும், அந்த அக்காவை எனக்குத் தெரியும்.

பரதத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். தட்டடவை நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். பாதம் தரையில் அழுத்தமாக விழும்போது கால் எங்கே இருக்கிறது என்ற தகவல் மூளைக்கு நன்றாகப் போய்ச் சேரும். "தையா தை" என்று சொற்கட்டை நீயே உரக்கச் சொல்லிக்கொண்டு தட்டினால் தாளத்தைத் தேடி வெளியே போக வேண்டாம், குரலுக்கும் பயிற்சி. பதாகத்தில் விரல்களை நன்றாக நீட்டுவதும், அலபத்மத்தில் ஒவ்வொன்றாக விரிப்பதும் விரல் இறுக்கத்துக்கு. அபிநயம்தான் எனக்கு மிகவும் முக்கியம். கண்ணை அகட்டி, புருவத்தை ஏற்றி, கன்னத்தை உப்பவைத்து, கோபம், வியப்பு, சிரிப்பு என்று பெரிது பெரிதாகச் செய்ய வேண்டும். உன் பேரன் "பாட்டி என் மேல கோவமா?" என்று கேட்டானாமே. அவனுக்கு உன் சிரிப்பு தெரிய வேண்டும்.

இனி நீ செய்ய வேண்டியவை. டாக்டரிடம் ஆடப்போவதாகச் சொல்லி, சரி என்று கேட்டுக்கொண்டு வா. சிலருக்கு எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், உனக்கு அப்படி இருக்கிறதா என்று பார்க்கச் சொல். கும்மியில் குனிந்து நிமிர்வதை இப்போதைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அதனால்தான் முடிவு செய்திருக்கிறேன். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து உனக்கு உடம்பு லேசாக இருக்குமே, அந்த நேரத்துக்கு ஆட்டத்தை வைத்துக்கொள்வோம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே போட்டுவிடு. மீன், கோழி, பருப்பு எல்லாம் மாத்திரை உடம்பில் சேர்வதைத் தாமதப்படுத்தும். உனக்கு எந்த நேரம் சரி என்று மருந்தகத்திலும் கேட்டுக்கொள். செருப்போடு வராதே. குதிகாலை மூடிய, பிடிமானம் உள்ள சப்பாத்து வேண்டும். சேலையும் வேண்டாம், சுரிதார் போட்டுக்கொள். கைப்பிடி உள்ள நாற்காலிகளைச் சுவரோரமாகப் போட்டிருக்கிறேன், பாய், கால்மிதி எல்லாவற்றையும் சுருட்டியாகிவிட்டது. முதல் சில நாள் முழுக்க உட்கார்ந்த ஆட்டம்தான். பிறகு நாற்காலியைப் பிடித்தபடி. கோல் பிடித்து எழுந்து நிற்பது அதற்கும் பிறகு, உன் பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருக்கும்.

அத்தானிடம் இதைப் படித்துக்காட்டு. உன் கால் ஒட்டிக்கொள்ளும்போது அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, "வா வா" என்று அவசரப்படுத்தவும் கூடாது. இழுத்தால் உடம்பு முன்னால் சாயும், கால் பின்னாலேயே நிற்கும், விழுந்துவிடுவாய். ஒட்டிக்கொண்டதும் நீ முதலில் நின்றுவிடு. மூச்சு விடு. எடையை இடமும் வலமுமாக ஆட்டிப் பார், கோலாட்டத்தில் ஆட்டுவது போலவே. பிறகு "ஒண்ணு" என்று சொல்லிப் பெரிய அடியாக எடுத்து வை. உன் சமையலறை வாசலில் தரையில் மஞ்சள் ஒட்டு நாடாவைக் குறுக்குக் கோடுகளாக ஓர் அடி இடைவெளியில் ஒட்டச் சொல். கோட்டை மிதிக்காமல் தாண்டு. கோலம் போட்டு வைத்திருந்தால் தாண்டமாட்டாயா, அந்த நினைப்போடு தாண்டு.

பாட்டை நான் தேர்ந்தெடுக்கிறேன். மின்னல் எஃப்எம்மில் போடும் பழைய பாட்டுகளில் நிதானமான தாளம் உள்ளவையாக. வேகமான குத்துப்பாட்டு இப்போதைக்கு வேண்டாம், அடி வேகமானால் சிறுத்துப்போகும், சிறுத்த அடிதான் உன்னைத் தள்ளிவிடுகிறது. வாரம் இரண்டு நாள், விடாமல். ஒரு வாரம் நன்றாக வரும், அடுத்த வாரம் கை கேட்காது. அன்றைக்கு உட்கார்ந்து தாளம் மட்டும் போடு. வராமல் இருந்துவிடாதே.

வரும் சனிக்கிழமையிலிருந்து தொடங்குகிறோம். அத்தான் வண்டி ஓட்டச் சங்கடப்பட்டால் சொல், நான் என் பெரிய மகனை அனுப்புகிறேன். உனக்கான கோல்கள் தயார், அழுத்திப் பிடிக்க வசதியாகப் பிடியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

பதில் எழுது. போனில் வேண்டாம். பேரனின் பள்ளி நோட்டில் கோடு போட்ட தாளாகக் கிழித்துக்கொள், மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொடும்படி பெரிய எழுத்தாக எழுது. கோடு இருந்தால் எழுத்து சிறுக்காது என்று அந்தப் பெண் சொன்னாள், அதையும் பார்த்துவிடுவோம். டாக்டர் என்ன சொன்னார், மாத்திரை எத்தனை மணிக்குப் போடுகிறாய், எந்தப் பாட்டு வேண்டும், மூன்றையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் தங்கை